லூக் ஃபீல்டில் இரண்டாவது விலகல்

1937 மார்ச் 20. ஹவாயில் இன்னும் முழுதாக விடியவில்லை. பேர்ல் துறைமுகத்துக்குள் இருக்கும் ஃபோர்டு தீவில், அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவுக்குச் சொந்தமான லூக் ஃபீல்டு ஓடுபாதையில் லாக்ஹீட் எலெக்ட்ரா 10ஈ ஒன்று புறப்படத் தயாராக நிற்கிறது. இரட்டை எஞ்சின், முழுக்க உலோக உடல், 55 அடி இறக்கை. ஓட்டுநர் இருக்கையில் அமெரிக்க விமானி அமீலியா இயர்ஹார்ட். உடன் வருபவர்கள் ஹாரி மேனிங், ஃப்ரெட் நூனன் என்ற இரு வழிகாட்டிகள். உலகைச் சுற்றும் பயணத்தின் இரண்டாம் கட்டம் இது. போக வேண்டிய இடம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் நடுவில் ஒரு பொட்டுப்போல் கிடக்கும் ஹௌலாந்து தீவு.

விமானம் ஓடத் தொடங்கியது. சில நொடிகளில் வலப்பக்கம் இழுத்தது. அடுத்து இடப்பக்கம் திரும்பியது. திரும்பியது நிற்கவில்லை. சக்கரக் கால்கள் ஒடிந்து, விமானம் வயிற்றால் கான்கிரீட்டைத் தேய்த்துக்கொண்டு பொறி பறக்கச் சறுக்கி நின்றது. இயர்ஹார்ட் எஞ்சின் சுவிட்சுகளை அணைத்தார். தீப்பிடிக்கவில்லை. மூவருக்கும் காயமில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை ஒரு கேள்வி ஓயவில்லை. விமானம் ஏன் நேராக ஓடவில்லை? டயர் வெடித்தது என்கிறது ஒரு தரப்பு. ஓட்டியவர் தவறு என்கிறது இன்னொரு தரப்பு. இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி எழுதப்பட்டவைதான் அதிகம். மூலத் தாள்களை ஒன்றோடொன்று வைத்துப் படித்தபோது எனக்குக் கிடைத்த விடை வேறு. எதிரெதிர் என்று சொல்லப்படும் சாட்சியங்கள் முக்கியமான இடத்தில் ஒன்றையேதான் சொல்கின்றன. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, எந்தத் தாள் எப்போது, யாரால், யாருக்காக எழுதப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

மூன்று சாட்சியங்கள்

முதலாவது ராணுவத்தின் தாள். விமானம் தனியாருடையது என்றாலும் விபத்து நடந்தது ராணுவ ஓடுபாதையில். ஆகவே அதிகாரிகள் குழு ஒன்று கூடி, பார்த்தவர்களை விசாரித்து அறிக்கை எழுதியது. குழுவின் முடிவு இரண்டு பகுதி கொண்டது. விமானத்துக்குச் சேதம் வந்தது சக்கரக் கால்கள் ஒடிந்ததால். கால்கள் ஒடிந்தது கட்டுக்கடங்காத தரைச்சுழற்சியால். இது முதல் பகுதி. அந்தச் சுழற்சி ஏன் தொடங்கியது என்பதை நிறுவப் போதிய ஆதாரம் இல்லை. இது இரண்டாம் பகுதி. இரண்டாம் பகுதியை மட்டும் எடுத்து, ராணுவம் கைகழுவிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. முதல் பகுதியில் எது காரணம், எது விளைவு என்பதைக் குழு தெளிவாக வரிசைப்படுத்தியிருக்கிறது. கால் ஒடிந்ததால் விமானம் சுழலவில்லை. சுழன்றதால் கால் ஒடிந்தது. இந்த வரிசைதான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இரண்டாவது இயர்ஹார்ட்டின் சொந்த விவரிப்பு. பயணத்தின்போது அவர் நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன் நாளிதழுக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். பயணத்தின் இரண்டாம் முயற்சியில் அவர் காணாமல் போன பிறகு கணவர் ஜார்ஜ் பால்மர் புட்னம் அவருடைய எழுத்துகளைத் தொகுத்து, 1937-லேயே 'லாஸ்ட் ஃப்ளைட்' என்ற நூலாக வெளியிட்டார். அதில் லூக் ஃபீல்டைப் பற்றி ஒரு சிறு பகுதி இருக்கிறது. டயர் வெடித்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஓடுபாதையில் பதிந்த தடங்களைக் கவனமாகப் பார்த்த பிறகு அது முதற்காரணமாக இருக்காது என்று தோன்றுகிறது. வலப்பக்கக் காலின் ஷாக் அப்சார்பர் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்கிறார். அதன் பிறகு அவர் எழுதுவதுதான் முக்கியம். விமானம் வலப்பக்கம் இழுத்தபோது எதிர்ப்பக்க எஞ்சினின் சக்தியைக் குறைத்தேன், விமானம் வலத்திலிருந்து இடத்துக்குத் திரும்பியது, ஒரு கணம் நேராக்கிவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் அவ்வளவு பாரத்தோடு வளையத் தொடங்கிய விமானத்தை நிறுத்த முடியவில்லை என்கிறார்.

மூன்றாவது பால் மான்ட்ஸின் கூற்று. ஹாலிவுட் படங்களுக்காகச் சாகசப் பறப்புகளைச் செய்த இவர்தான் இயர்ஹார்ட்டுக்குத் தொழில்நுட்ப ஆலோசகர். எலெக்ட்ராவில் அவரைப் பழக்கியவரும் இவரே. ஓக்லாந்திலிருந்து ஹொனலூலு வரை இதே விமானத்தில் உடன் வந்தவர். லூக் ஃபீல்டில் விமானத்துக்குள் இல்லை. திசையைச் சுக்கானால் பிடிக்க வேண்டும், எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு த்ராட்டில்களையும் மாற்றி மாற்றி அசைத்துத் திருப்பக் கூடாது என்று தான் எச்சரித்திருந்ததாகவும், அதைத்தான் இயர்ஹார்ட் செய்துவிட்டார் என்றும் அவர் கருதினார். இந்தக் கூற்று பரவலானது டான் டுவிக்கின்ஸ் எழுதிய 'ஹாலிவுட் பைலட்' என்ற வாழ்க்கை வரலாறு வழியாக. அது வெளிவந்தது 1967-இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, ஒரு படப்பிடிப்பில் விமானம் நொறுங்கி மான்ட்ஸ் இறந்துவிட்டார். நடந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின், சொன்னவர் மறைந்த பின், இன்னொருவர் கையால் அச்சேறிய நினைவு இது. எடைபோட்டுத்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

வலப்பக்கம் என்ற தடயம்

மூன்று தாள்களையும் படித்துவிட்டு நான் முதலில் நின்றது ஒரு சிறு விவரத்தில். விமானம் முதலில் இழுத்தது வலப்பக்கம்.

எலெக்ட்ராவின் இரண்டு வாஸ்ப் எஞ்சின்களும் ஒரே திசையில் சுழல்பவை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் வலஞ்சுழி. இப்படிப்பட்ட விமானம் முழுச் சக்தியில் ஓடத் தொடங்கும்போது மூக்கை இடப்பக்கம் திருப்பப் பார்க்கும். வால் தாழ்ந்த நிலையில் சுழலியின் இறங்கும் அலகு ஏறும் அலகைவிட அதிகம் இழுக்கும். அது வலப்புறம் இருக்கிறது. சுழலி சுற்றிவிடும் காற்றும் வாலை ஒரு பக்கமாகத் தள்ளும். அதனால் இத்தகைய விமானம் ஓட்டுபவர்கள் புறப்படும்போது வலக்காலால் சுக்கான் மிதியை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். இயல்பாக இழுக்க வேண்டிய திசை இடம். லூக் ஃபீல்டிலோ முதலில் இழுத்தது வலம். அப்படியானால் இயல்புக்கு மாறாக ஏதோ ஒன்று வேலை செய்திருக்கிறது.

வலப்பக்கம் இழுக்கக்கூடியவை எவை என்று பட்டியலிட்டுப் பார்த்தேன். வல டயரில் காற்று போனால் அந்தச் சக்கரம் இழுவையாகி விமானத்தைத் தன் பக்கம் திருப்பும். வலக்காலின் ஷாக் அப்சார்பர் அமிழ்ந்தாலும் அப்படியே. வல எஞ்சினோ சுழலியோ சக்தி குறைந்தால் இடப்பக்க எஞ்சின் ஜெயித்துவிடும். இடப்பக்கம் இழுக்கும் என்று எதிர்பார்த்து வலச் சுக்கானை மிகையாக மிதித்தாலும், இட த்ராட்டிலைச் சற்று முன்னால் வைத்தாலும் இதே விளைவுதான்.

இவற்றில் சுழலி என்னை நெடுநேரம் பிடித்துவைத்தது. ஓக்லாந்திலிருந்து வந்த பயணத்தில் சரியான மசகு இல்லாததால் வலப்பக்கச் சுழலியின் அலகுகள் மையத்துக்குள் இறுகிப்போயிருந்தன. அலகின் கோணத்தை மாற்ற முடியவில்லை. லூக் ஃபீல்டில் இருந்த ராணுவப் பணிமனை அதைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தது. விபத்துக்கு முந்தைய நாள் பழுதுபார்க்கப்பட்ட அதே வலச் சுழலி! துப்பறியும் கதையாக இருந்தால் இங்கேயே முடிச்சு அவிழ்ந்திருக்கும். ஆனால் பழுதுபார்த்த பிறகு மான்ட்ஸ் அந்த விமானத்தை, அது ஹவாயில் முதலில் வந்து இறங்கிய வீலர் ஃபீல்டிலிருந்து எடுத்து, லூக் ஃபீல்டில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். புறப்படவும் பறக்கவும் இறங்கவும் அந்தச் சுழலி ஒருமுறை போதுமான அளவு வேலை செய்துவிட்டது. சந்தேகம் முற்றிலும் போகவில்லை. ஆனால் கனம் குறைந்துவிட்டது.

டயரின் கதையும் இப்படித்தான். வல டயர் வெடித்ததைப் பார்த்தோம் என்பவர்கள் பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனால் எப்போது வெடித்தது? விமானம் இடப்பக்கம் சுழலும்போது அதன் பாரம் முழுவதும் வெளிப்பக்கமாக, அதாவது வலக்காலின் மீது சாயும். அந்த அழுத்தத்தில் டயர் கழன்று வெடிக்கும்; கால் ஒடியும். முதலில் வெடித்து விமானத்தை வலப்பக்கம் இழுத்த டயரும், கடைசியில் சுழற்சியில் வெடித்த டயரும், எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் ஒன்றுபோலவே கிடக்கும். ஒடிந்த காலுக்கும் அதே கதிதான். விபத்தின் முடிவு விபத்தின் தொடக்கத்தை அழித்துவிட்டது. காரணத்தை நிறுவ முடியவில்லை என்று குழு எழுதியதன் நியாயம் இதுதான். வாய்க்கு வந்த காரணத்தை எழுதாமல் விட்ட அந்த அதிகாரிகளை நான் மதிக்கிறேன்.

பாரமும் சக்கரமும்

சிறு விலகல் எப்படிப் பெரும் சுழற்சி ஆனது? இதற்கு விடை விமானத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

எலெக்ட்ரா வால்சக்கர விமானம். இரண்டு பெரிய சக்கரங்கள் இறக்கைக்கு அடியில். சிறு சக்கரம் வாலில். எடையின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. டிராக்டரில் மாட்டிய டிரெய்லரைப் பின்னுக்கு எடுத்தவர்களுக்கு இதன் குணம் தெரியும்: நேராக இருக்கும்வரை நேராகப் போகும், கொஞ்சம் கோணினால் கோணல் தானாகவே வளரும். சக்கரங்கள் ஒரு பக்கம் திரும்பத் தொடங்கியதும் பின்னால் இருக்கும் எடை, பழைய திசையிலேயே போகப் பார்த்து, வாலை வெளியே வீசுகிறது. வால் வீசினால் திருப்பம் கூர்மையாகிறது. திருப்பம் கூர்மையானால் வால் இன்னும் வேகமாக வீசுகிறது. விமானிகள் கிரவுண்ட் லூப் என்று சொல்வது இதைத்தான். இன்றும் வால்சக்கர விமானம் பழகுபவர்களுக்கு முதல் பாடம் இதைப் பற்றியே.

அன்று அந்த எடை எவ்வளவு? தொட்டிகளில் 900 கேலன் பெட்ரோல். நம் கணக்கில் ஏறத்தாழ 3,400 லிட்டர். பெட்ரோல் மட்டுமே இரண்டரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. பயணிகள் இருக்கைகள் இருந்திருக்க வேண்டிய இடமெல்லாம் தொட்டிகள். லாக்ஹீட் வடிவமைத்த சாதாரண எலெக்ட்ரா தூக்க வேண்டிய பாரத்தைவிட இது வெகு அதிகம்.

தடுக்க வேண்டியது சுக்கான். ஆனால் சுக்கானின் பலம் காற்றின் வேகத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் பலம் கால் பங்குதான். ஓட்டத்தின் தொடக்கத்தில் அது ஏறக்குறையக் கைகொடுக்காத கருவி. இந்த இடத்தில் எலெக்ட்ராவின் பிறப்புக் கதையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. முதல் வரைபடத்தில் அதற்கு ஒற்றை வால்தான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் மாதிரியைச் சோதித்தபோது, திசை நிலைப்பு போதாது என்று எடுத்துச் சொன்னவர் அங்கே படித்துக்கொண்டிருந்த கிளாரன்ஸ் ஜான்சன். பின்னாளில் கெல்லி ஜான்சன் என்று உலகப் புகழ்பெற்ற வடிவமைப்பாளர். லாக்ஹீட் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவர் யோசனைப்படி விமானத்துக்கு இரட்டை வால் வந்தது. 1934 பிப்ரவரி 23 அன்று எலெக்ட்ரா முதன்முதலில் பறந்தது அந்த இரட்டை வாலோடுதான். திசையைப் பிடிப்பது இந்த விமானத்துக்குத் தாள் மேலிருந்த காலத்திலிருந்தே ஒரு கேள்வி.

இரட்டை எஞ்சின் விமானத்தில் திசையைப் பிடிக்க இன்னொரு வழியும் உண்டு. ஒரு பக்கத்து த்ராட்டிலைக் குறைத்தால் விமானம் அந்தப் பக்கம் திரும்பும். சுக்கான் கைகொடுக்காத வேகத்தில் இது உடனே பலன் தரும்; கைக்கு எட்டும் இடத்திலும் இருக்கிறது. ஆபத்து அது தரும் பலனின் அளவில் இருக்கிறது. 600 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றை ஒரு பக்கம் தளர்த்தினால், மறுபக்கம் இன்னொரு 600 குதிரைத்திறன் எதிர்ப்பின்றி இழுக்கிறது. அந்தத் திருப்பத்தைத் தடுக்க மறுபடி த்ராட்டிலை ஏற்றினால், எஞ்சின் சக்தி பிடிப்பதற்குள் எடை வாலை வீசிவிட்டிருக்கும். அதோடு, எலெக்ட்ரா இயல்பாகவே இடப்பக்கம் திரும்பப் பார்க்கும் விமானம். இட எஞ்சினைக் குறைத்தபோது திருத்தமும் இயல்பும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டன.

இயர்ஹார்ட்டின் பெரும் சாதனைகள் ஒற்றை எஞ்சின் வேகா விமானத்தில் நடந்தவை. 1932-இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்தது அதில். 1935 ஜனவரியில் ஹவாயிலிருந்து ஓக்லாந்துக்குத் தனியாகப் பறந்ததும் அதில்தான். வீலர் ஃபீல்டின் சேற்றுத் தரையிலிருந்து பெரும் பாரத்தோடு எழும்பினார். ஒற்றை எஞ்சினில் இட, வல த்ராட்டில் என்ற பேச்சே இல்லை. சுக்கான் ஒன்றுதான் வழி. இந்தப் புதிய வசதியும் அதன் ஆபத்தும் எலெக்ட்ராவோடு வந்தவை.

சாட்சியங்கள் சேரும் இடம்

இப்போது மூன்று தாள்களையும் மறுபடி பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். லூக் ஃபீல்டில் நடந்தது ஒரு விலகல் அல்ல, இரண்டு. முதலாவது வலப்பக்கம். இரண்டாவது இடப்பக்கம். வாதம் எல்லாம் முதலாவதைச் சுற்றியே நடந்திருக்கிறது. ஆனால் விமானத்தை உடைத்தது இரண்டாவது.

இரண்டாவது விலகலைப் பற்றி இயர்ஹார்ட் சொல்வது, எதிர்ப்பக்க எஞ்சினின் சக்தியைக் குறைத்தேன், விமானம் அந்தப் பக்கம் திரும்பியது, பாரத்தால் நிற்கவில்லை என்பது. மான்ட்ஸ் சொல்வது, த்ராட்டிலால் திருப்பினார் என்பது. ராணுவக் குழு சொல்வது, கட்டுக்கடங்காத சுழற்சி காலை ஒடித்தது என்பது. ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கவில்லை. குரல்தான் வேறு. ஒருவர் தன் செயலை விளக்குகிறார். ஒருவர் குறை சொல்கிறார். குழு வெறும் வரிசையைப் பதிவுசெய்கிறது. மான்ட்ஸின் நினைவு எவ்வளவு தாமதமாக அச்சேறியிருந்தாலும், அதன் சாரம் இயர்ஹார்ட் தன் கையால் எழுதியதில் ஏற்கெனவே இருக்கிறது. காலத்தால் முந்திய சாட்சியம் பிந்தியதை உறுதிசெய்யும்போது, ஆய்வாளர் அதை நம்பலாம்.

இந்த முடிவைச் சோதித்துப் பார்க்க இன்னொரு தடயமும் உண்டு. விமானம் கப்பலில் கலிஃபோர்னியா போய், பர்பேங்க் நகரின் லாக்ஹீட் ஆலையில் சீரானது. பருவ மாற்றத்தைக் கருதிப் பயணத்தின் திசை கிழக்கு நோக்கி மாற்றப்பட்டது. ஜூன் மாதம் இயர்ஹார்ட்டும் நூனனும் கராச்சி வழியாகக் கல்கத்தா வந்தார்கள். பருவமழையில் ஊறிக்கிடந்த டம்டம் களத்திலிருந்து எழும்பியது ஆபத்தான கட்டம் என்று அவரே எழுதியிருக்கிறார். மரங்களை ஒட்டித்தான் தாண்டினார்கள். ஜூலை 2 அன்று நியூ கினியின் லே நகரில் ஏறத்தாழ 1,100 கேலன் பெட்ரோல், 3,000 அடி மண் ஓடுபாதை. லூக் ஃபீல்டைவிடக் கூடுதல் பாரம். அந்தப் புறப்பாட்டின் சிறு படச்சுருள் ஒன்று இன்றும் இருக்கிறது. கனத்த விமானம் ஓடுபாதையின் கடைசிவரை ஓடிக் கடலின் மேல் எழும்புகிறது. நேராக ஓடுகிறது.

அதே விமானம், அதே விமானி, கூடுதல் பாரம். ஆகவே பாரம் விலகலைத் தொடங்கி வைப்பதில்லை. தொடங்கிய விலகலைத் திருத்த முடியாததாக்குவதுதான் பாரத்தின் வேலை. திறமையும் இல்லாமல் போய்விடவில்லை. டம்டம்மும் லேயும் அதற்குச் சாட்சி. லூக் ஃபீல்டில் குறைந்தது தவறுக்கு இடம்கொடுக்கும் இடைவெளி. காரணம் எதுவாயினும், முதல் விலகல் வந்த நொடியில் திருத்தத்துக்கு இருந்த அவகாசம் மிகக் குறைவு. தேர்ந்தெடுத்த திருத்தமோ மிகப் பெரியது.

அந்தச் சில நொடிகளின் விலை விமானத்தோடு நிற்கவில்லை. கப்பல் தலைவரான மேனிங் மோர்ஸ் தந்தியில் தேர்ந்தவர். விடுப்பு முடிந்து அவர் விலகினார். அடுத்த முறை விமானத்தில் இருந்த இருவரில் யாருக்கும் அந்தத் தேர்ச்சி இல்லை. லேயிலிருந்து புறப்பட்டு ஹௌலாந்தை நெருங்கும்போது வானொலித் தொடர்பு சரியாக அமையவில்லை, விமானம் திரும்பவில்லை. லூக் ஃபீல்டு அவர்களைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே நேராக ஓடியிருந்தால், வேறொரு குழுவும் வேறொரு வழியும் இருந்திருக்கும் என்பது மட்டும் தாள்கள் தாங்கும் கூற்று.

1939 ஜனவரியில் லாக்ஹீட் பறக்கவிட்ட எக்ஸ்பி-38 போர் விமானத்தை எலெக்ட்ராவோடு சேர்த்துப் பார்ப்பது பயன் தரும். கெல்லி ஜான்சனின் பங்கு அதிலும் பெரிது. அதன் இரண்டு சுழலிகளும் எதிரெதிர்த் திசையில் சுற்றின. ஒன்றின் இழுப்பை மற்றது ஈடுசெய்தது. மூக்கில் சக்கரம் வந்தது. எடையின் மையம் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் நகர்ந்தது. சிறு கோணல் தானாகவே நேராகும். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சிறு விமானங்களில் பெரும்பாலானவை மூக்குச்சக்கரத்துக்கு மாறின. விமானியின் கால் செய்ய வேண்டியதில் ஒரு பகுதியை வடிவமைப்பு ஏற்றுக்கொண்டது.

வால்சக்கர விமானங்கள் இன்னும் பறக்கின்றன. அவற்றைப் பழக்குபவர்கள் சொல்வது அன்று மான்ட்ஸ் சொன்னதிலிருந்து அதிகம் மாறவில்லை: விலகலை அது கண்ணுக்குத் தெரியும் முன்பே காலால் பிடி, சிறிதாகப் பிடி, பிடிபடவில்லை என்றால் சக்தி முழுவதையும் விட்டு நிறுத்து. டயரா, ஷாக் அப்சார்பரா என்ற கேள்விக்கு லூக் ஃபீல்டின் தாள்கள் விடை தரவில்லை. இனியும் தரப் போவதில்லை. விலகலை எதைக் கொண்டு திருத்தினார்கள் என்ற கேள்விக்கு ஓட்டியவரே தெளிவாக விடை எழுதி வைத்திருக்கிறார். தன் விமானத்தை உடைத்த செயலை மறைக்காமல் அவர் எழுதியதால்தான் இந்த விபத்திலிருந்து இன்றைக்கும் ஒரு மாணவர் கற்றுக்கொள்ள முடிகிறது. அந்த நேர்மைக்காகவேனும், டயர் மீது போட்ட பழியையும் அவர் மீது போட்ட பழியையும் நாம் இறக்கி வைத்துவிட்டு, அவர் எழுதியதை எழுதியபடியே படிக்க வேண்டும்.